விண்ணளந்த கெப்ளர்

இரவில் வீட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து நோக்குவோர்க்கு வானம் பெரியதொரு வியப்பைத் தருகின்றது. எண்ணிறந்த விண்மீன்கள் தத்தம் இடத்தில் நின்று ஒளிர்கின்றன. அவற்றினிடையே செவ்வாய், வியாழன், வெள்ளி முதலிய கோள்கள் நாள்தோறும் சிறிது சிறிதாக இடம் பெயர்கின்றன. இவற்றையெல்லாம் படைத்து, ஓர் ஒழுங்கில் இயங்கச் செய்பவர் ஒரே கடவுள் என்பது கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கொள்கை. விவிலியத்திலுள்ள சங்கீதங்கள் பலவற்றில் வானமும் அதன் ஒளிச்சுடர்களும் ஆண்டவன் பெருமைக்குச் சான்றாகக் காட்டப்பெறுகின்றன. ஆயினும், அவ்வொழுங்கு யாது? அதனை மனிதன் அளந்தறிய இயலுமா? இயலும் என்று நம்பி, அந்நம்பிக்கைக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் காணிக்கையாக்கியவர் யோகன்னஸ் கெப்ளர். கோள்களின் இயக்கத்திற்குரிய மூன்று விதிகளை உலகிற்கு வழங்கியவர் அவரே. இறைவனின் பெருமையை வாயாற் பேசுவது எளிது. அப்பெருமையின் முன் தம் சொந்தக் கருத்தைத் தாழ்த்துவது அரிது. அரியதைச் செய்த பெரியார் கெப்ளர்.

இளமைப் பருவம்

கெப்ளர் 1571ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் ஜெர்மனியின் தென்மேற்குப் பகுதியிலுள்ள வைல் டெர் ஸ்டாட் என்னும் சிறு நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் அந்நகரத்தின் தலைவராய் விளங்கியவர். எனினும், குடும்பத்தின் செல்வம் நாளடைவில் தேய்ந்தது. தந்தையார் கூலிக்குப் போர்புரியும் படைவீரர். அடிக்கடி வீட்டை விட்டகன்று, இறுதியில் திரும்பாமலே போய்விட்டார். தாயார் கத்தரீனா ஒரு விடுதிக்காரரின் மகள். பச்சிலை மருந்துகள் செய்து பிறர்க்குக் கொடுக்கும் வழக்கமுடையவர்.

குழந்தைப் பருவத்தில் கெப்ளரைப் பெரியம்மை நோய் பற்றியது. உயிர் பிழைத்தார், ஆனால், கண்பார்வை என்றென்றைக்கும் மங்கியது. பிற்காலத்தில் வானத்தை அளக்கவிருந்தவர்க்கு, நல்ல கண்கள் வாய்க்கவில்லை! ஆயினும், வானத்தின்பால் அவர் கொண்ட காதல் இளமையிலேயே முளைவிட்டது. 1577ஆம் ஆண்டில் பெரியதொரு வால்வெள்ளி தோன்றியது. தாயார் சிறுவனைக் கையைப் பிடித்து மேட்டுநிலத்திற்கு அழைத்துச் சென்று அதனைக் காட்டினார். அக்காட்சி அவருள்ளத்தை விட்டு நீங்கவேயில்லை.

வூர்ட்டம்பர்க் நாட்டுச் சிற்றரசர்கள் அறிவிற் சிறந்த ஏழை மாணவர்க்கு உதவிப் பணம் வழங்கி வந்தனர். அவ்வுதவியால் கல்வி கற்ற கெப்ளர், 1589ஆம் ஆண்டில் தூபிங்கன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். சமய நூல்களைக் கற்று லுத்தரன் திருச்சபையின் போதகராகி, இறைபணி புரிவதே அவர்தம் நோக்கம். அங்கே மைக்கேல் மேஸ்ட்லின் என்னும் பேராசிரியர் வானநூல் கற்பித்து வந்தார். பூமி நடுவில் நிற்க, ஞாயிறும் கோள்களும் அதனைச் சுற்றுகின்றன என்பதே அந்நாளில் பெரும்பாலோர் கொண்டிருந்த கருத்து. ஞாயிறே நடுவில் நிற்க, பூமியும் பிற கோள்களும் அதனைச் சுற்றுகின்றன என்று கோப்பர்நிக்கஸ் 1543ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கையை மேஸ்ட்லின் தம் மாணவர்க்கு விளக்கினார். கெப்ளர் அக்கொள்கையை உளமார ஏற்றுக்கொண்டார்.

பீடத்திலிருந்து பள்ளிக்கு

சமயக் கல்வி முடிவதற்குள் கெப்ளரின் வாழ்க்கை எதிர்பாராத வழியில் திரும்பியது. ஆஸ்திரிய நாட்டுக் கிராஸ் நகரில் ஒரு பள்ளிக்குக் கணித ஆசிரியர் தேவைப்பட்டார். பல்கலைக்கழகத்தார் கெப்ளரைத் தெரிந்தெடுத்தனர். போதகராகும் வாய்ப்பை இழப்பதற்கு வருந்தியவாறே, 1594ஆம் ஆண்டில் அவர் கிராஸ் நகரம் சென்றார்.

அடுத்த ஆண்டு ஜூலைத் திங்களில் ஒருநாள், மாணவர்க்குப் பாடம் நடத்துகையில், அவருள்ளத்தில் ஓர் எண்ணம் மின்னெனத் தோன்றியது. அந்நாளில் அறியப்பட்டிருந்த கோள்கள் பூமியுட்பட ஆறு. ஆறு கோள்களுக்கிடையே உள்ள இடைவெளிகள் ஐந்து. எல்லா முகங்களும் ஒரே அளவாக அமைந்த ஒழுங்கான கனவுருவங்களும் ஐந்தே என்பது வடிவக்கணிதம் கூறும் உண்மை. ஆகவே, இறைவன் உலகைப் படைத்தபோது இவ்வைந்து உருவங்களையும் ஒன்றினுள் ஒன்றாக வைத்துக் கோள்களின் இடைத்தொலைவுகளை வகுத்தார் என்று கெப்ளர் துணிந்தார். படைப்பின் மறையைத் திறக்கும் திறவுகோல் தம் கைக்குக் கிட்டியதென மகிழ்ந்தார். 1596ஆம் ஆண்டில் இதனை ஒரு நூலாக எழுதி முடித்தார்.

கடவுள் தம் சாயலாக மனிதனைப் படைத்தார் என்பது கிறித்தவர் நம்பிக்கை. ஆகவே, கடவுள் வகுத்த கணக்கை உணரும் ஆற்றல் மனிதனுடைய அறிவிலும் சிறிது வைக்கப்பட்டிருக்கின்றது என்று கெப்ளர் எண்ணினார். விவிலியம் ஒரு திருநூல். இயற்கை மற்றொரு திருநூல். கோயிலிற் போதகர் முன்னதை விளக்குவதுபோல, வானநூலார் பின்னதை விளக்கும் குருமாராவர் என்று அவர் கருதினார். பீடத்தில் ஏறாமலே இறைவன் புகழை எடுத்துரைக்க வழி கிட்டிவிட்டதென்று தம் ஆசிரியர் மேஸ்ட்லினுக்கு எழுதி மகிழ்ந்தார்.

டைக்கோவின் துணை

அக்காலத்தில் ஐரோப்பாவில் உரோமன் கத்தோலிக்கர்க்கும் புராட்டஸ்டண்டுகளுக்குமிடையே பூசல் மிகுந்திருந்தது. கிராஸ் நகரத்தை ஆண்ட கோமகன் ஃபெர்டினாண்டு, 1598ஆம் ஆண்டில் புராட்டஸ்டண்டு ஆசிரியர்களை வெளியேற்றினார். கெப்ளருக்கு மட்டும் திரும்பி வர இசைவு கிடைத்தது. ஆயினும், 1600ஆம் ஆண்டில், சமயம் மாறாவிடின் நகரத்தை விட்டு நீங்க வேண்டும் என்னும் கட்டளை அவருக்கும் வந்தது. அதற்குள் அவர் மணம் புரிந்து, இரண்டு குழந்தைகளைப் பெற்று, இரண்டையும் இழந்திருந்தார். கையிற் பொருளுமில்லை. எனினும், அச்சத்திற்காகச் சமயத்தை மாற்றிக்கொள்ள அவர் உடன்படவில்லை. மனைவியுடன் பிராக் நகரத்தை நோக்கிப் புறப்பட்டார்.

பிராக் நகரில் டைக்கோ பிராகே என்னும் டென்மார்க்கு நாட்டுப் பேரறிஞர் இருந்தார். தொலைநோக்கி தோன்றாத அக்காலத்தில், பெரிய அளவுக் கருவிகளைக் கொண்டு, வெறுங்கண்ணால் இருபதாண்டுகளுக்கு மேலாகக் கோள்களின் நிலைகளை அளந்து குறித்து வைத்தவர் அவர். அக்குறிப்புகளுக்கு நிகரானவை உலகில் வேறெங்கும் இல்லை. டைக்கோவிடம் அளவுகள் இருந்தன. அவற்றிலிருந்து உண்மையை வடித்தெடுக்கும் கணிதத் திறன் கெப்ளரிடம் இருந்தது. டைக்கோ 1601ஆம் ஆண்டில் இறக்கவே, பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் அவருக்குப்பின் கெப்ளரை அரசவைக் கணிதராக அமர்த்தினார். பதவி பெரிது, ஊதியமோ பெரும்பாலும் நிலுவையிலேயே நின்றது.

எட்டுக் கலை

டைக்கோ முன்னரே கெப்ளருக்கு ஒரு வேலையை ஒதுக்கியிருந்தார். அது செவ்வாயின் பாதையைக் கணிப்பது. எட்டு நாளில் முடித்துவிடலாம் என்று கெப்ளர் நினைத்தார். அவ்வேலை அவரை ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆட்கொண்டது.

வானத்திலுள்ளவை குற்றமற்றவை, குற்றமற்ற வடிவம் வட்டமே, ஆதலின், கோள்கள் வட்டத்திலோ வட்டங்களின் சேர்க்கையிலோதான் இயங்கும் என்பது கிரேக்கர் காலந்தொட்டு இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர் யாவரும் ஏற்றிருந்த கருத்து. கெப்ளரும் அவ்வாறே தொடங்கினார். செவ்வாய்க்கு ஒரு வட்டப் பாதையை வகுப்பதற்காக ஒரே கணக்கை எழுபது முறை திருப்பித் திருப்பிப் போட்டார். இறுதியில், டைக்கோவின் அளவுகளோடு பெரும்பாலும் பொருந்தும் ஒரு வழி கிடைத்தது. மேலும் இரண்டொரு அளவுகளை எடுத்துச் சரிபார்த்தார். அங்கே எட்டுக் கலை வேறுபாடு தென்பட்டது.

ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஒரு கலையாகும். முழுநிலாவின் குறுக்களவு வானத்தில் ஏறத்தாழ முப்பது கலை. எட்டுக் கலையென்பது அந்நிலாவின் அகலத்தில் நாலிலொரு பங்குக்குச் சற்றே மிகுதியான இடைவெளி. பண்டைய வானநூலார் பத்துக் கலை வரையிலான பிழையைப் பொருட்படுத்தியதில்லை. கெப்ளரும் அதனைப் புறக்கணித்திருப்பின், கேட்பார் எவருமில்லை. பல்லாண்டு உழைப்பு வீணாகாமல் அவர் புகழும் பெற்றிருப்பார்.

ஆனால், அவர் அவ்வாறு செய்யவில்லை. டைக்கோவைப் போன்ற நுட்பமான அளவையாளரைத் தந்தது ஆண்டவனின் அருள். அவ்வருளைப் பெற்றவன் நன்றியோடு அதனைப் பயன்படுத்த வேண்டுமேயன்றி, தன் வசதிக்காகத் தள்ளிவிடலாகாது என்று அவர் எண்ணினார். இறைவன் எவ்வாறு படைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட மனிதனுக்கு உரிமையில்லை. எவ்வாறு படைத்திருக்கிறார் என்று பணிந்து கேட்பதே அவன் கடமை. இவ்வுறுதியோடு, இரண்டாயிரம் ஆண்டு வட்டக் கொள்கையையும், தம் சொந்த உழைப்பையும் அவர் ஒருங்கே துறந்தார். அறிவியல் வரலாற்றில் இதனினும் சிறந்த துறவு அரிது.

மீண்டும் கணக்கிட்டார். முட்டை வடிவத்தை முயன்றார், அதுவும் பொருந்தவில்லை. முடிவில் உண்மை புலப்பட்டது. செவ்வாய் செல்லும் பாதை நீள்வட்டம். பலகையில் இரண்டு ஆணிகளை அறைந்து, அவற்றைச் சுற்றித் தளர்வாக ஒரு நூல்வளையத்தை இட்டு, அந்நூலை எழுதுகோலால் இழுத்துப் பிடித்தவாறே சுற்றி வரைந்தால் நீள்வட்டம் உண்டாகும். ஆணிகள் நின்ற இடங்கள் அதன் குவியங்கள். கோள்கள் நீள்வட்டப் பாதையில் இயங்குகின்றன. அப்பாதையின் ஒரு குவியத்தில் ஞாயிறு உள்ளது என்பது கெப்ளரின் முதல் விதி. ஞாயிற்றையும் கோளையும் இணைக்கும் கோடு சமகாலத்தில் சமபரப்பைக் கடக்கும் என்பது இரண்டாம் விதி. அதனால், ஞாயிற்றை அணுகும்போது கோள் விரைந்தும், அகலும்போது தளர்ந்தும் செல்கின்றது. இவ்விரு விதிகளையும் தாங்கிய புதிய வானநூல் 1609ஆம் ஆண்டில் வெளிவந்தது.

வானை நோக்கும் கண்ணையும் கெப்ளர் ஆராயாமல் விடவில்லை. பொருளின் உருவம் விழித்திரையில் தலைகீழாக விழுகின்றது என்பதை 1604ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒளிநூலில் விளக்கினார்.

துன்பங்கள்

1611ஆம் ஆண்டு கெப்ளருக்குக் கொடிய ஆண்டாயிற்று. ஆறு வயது மகன் பெரியம்மையால் இறந்தான். சில திங்களில் மனைவி பார்பராவும் மறைந்தார். ஆதரித்த பேரரசர் அதிகாரம் இழந்தார். கெப்ளர் 1612ஆம் ஆண்டில் லின்ஸ் நகரத்திற்குச் சென்று, அங்கே கணித ஆசிரியர் பணியை ஏற்றார்.

அங்கு அவருக்கு நேர்ந்த துன்பம் அவர் மனத்தையே புண்படுத்தியது. கிறித்துவின் இறுதி இராவுணவை நினைவுகூரும் திருவிருந்து கிறித்தவர்க்கு மிகப் புனிதமானது. அத்திருவிருந்தில் பங்குபெற விழைந்த கெப்ளரை, சபையின் கொள்கை ஏட்டில் முற்றிலும் உடன்பட்டுக் கையெழுத்திடுமாறு போதகர் கேட்டார். கிறித்துவின் உடல் எங்கும் நிறைந்துள்ளது என்னும் ஒரு கொள்கையைத் தம் மனச்சான்றுக்கு மாறாக ஏற்றுக்கொள்ள அவரால் இயலவில்லை. அதனால் திருவிருந்து அவருக்கு மறுக்கப்பட்டது. மேலதிகாரிகளிடம் முறையிட்டும் பயனில்லை. எச்சபைக்காகக் கிராஸ் நகரில் வீட்டையும் பிழைப்பையும் இழந்தாரோ, அச்சபையே அவருக்குக் கதவையடைத்தது! எனினும், அவர் சினந்து சமயத்தைத் துறந்தாரல்லர். பிற பிரிவினரைப் பழித்தாருமல்லர். தம் வீட்டில் பிள்ளைகளோடு இறைவனை வழிபட்டு வந்தார். விண்மீன்களையெல்லாம் தாங்கி நிற்கும் பெரியோனை ஒரு சிறு கூட்டத்தாரின் வாதத்திற்குள் அடைக்க இயலாது என்பது அவர் கண்ட உண்மை.

இதனினும் பெரிய இடி 1615ஆம் ஆண்டில் விழுந்தது. கெப்ளரின் தாயார் சூனியக்காரியென்று ஊரார் சிலர் குற்றஞ்சாட்டினர். அக்குற்றத்திற்காக ஐரோப்பாவில் எத்தனையோ பெண்கள் எரிக்கப்பட்ட காலம் அது. 1620ஆம் ஆண்டில், எழுபது வயது கடந்த அம்மூதாட்டி சிறையில் தளையிடப்பட்டார். கெப்ளர் தம் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு லின்ஸிலிருந்து தாயகம் விரைந்தார். சாட்சிகள் கூறிய ஒவ்வொன்றையும் கோள்களின் கணக்கை ஆராய்வதுபோலவே ஆராய்ந்து, அவர்கள் சொன்ன நோய்களுக்கெல்லாம் இயற்கையான காரணங்கள் உண்டென்று எழுத்து மூலம் நிறுவினார். வதைக் கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியபோதும் தாயார் இல்லாத குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பதினான்கு திங்கள் சிறைவாசத்திற்குப்பின் 1621ஆம் ஆண்டில் விடுதலை பெற்றார். அடுத்த ஆண்டில் இறந்தார்.

மூன்றாம் விதி

இத்துயரங்களினூடேதான் கெப்ளர் தம் நெடுநாள் வேட்கையை அடைந்தார். 1618ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருடைய சிறுமகள் ஒருத்தி இறந்தாள். மனம் நைந்த நிலையில், கோள்களின் ஒழுங்கில் இறைவன் அமைத்த இசைவைத் தேடுவதிலேயே அவர் ஆறுதல் பெற்றார். மார்ச்சுத் திங்கள் 8ஆம் நாள் ஒரு கருத்து உதித்தது. கணக்கில் நேர்ந்த பிழையால் அதனைத் தள்ளிவிட்டார். மே 15ஆம் நாள் மீண்டும் முயன்றபோது, அது முழுவதும் பொருந்தியது. கோள் ஞாயிற்றைச் சுற்றும் காலத்தின் இருமடியும், ஞாயிற்றினின்று அதன் சராசரித் தொலைவின் மும்மடியும் எல்லாக் கோள்களுக்கும் ஒரே விகிதத்தில் அமைகின்றன என்பதே மூன்றாம் விதி. சான்றாக, வியாழனின் தொலைவு பூமியின் தொலைவைப்போல் ஏறத்தாழ 5.2 மடங்கு; அதன் மும்மடி ஏறத்தாழ 141. வியாழன் ஒருமுறை சுற்றும் காலம் 11.86 ஆண்டு, அதன் இருமடியும் ஏறத்தாழ 141. எங்கோ தொலைவில் தனித்தனியே இயங்கும் கோள்கள் யாவும் ஒரே சட்டத்திற்குக் கீழ்ப்படிகின்றன!

அவ்விதியைக் கண்ட எட்டாம் நாள் பிராக் நகரில் கலகம் மூண்டு, முப்பதாண்டுப் போராக வளர்ந்தது. மண்ணில் மனிதர் இறைவன் பெயரால் ஒருவரையொருவர் கொன்று கொண்டிருக்கையில், விண்ணில் அவ்விறைவன் வகுத்த இசைவைக் கூறும் கெப்ளரின் நூல் 1619ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் முடிவில் அவர் படைத்தவருக்கு நன்றி செலுத்தினார். தாம் எங்கேனும் தம் சொந்தப் புகழை நாடியிருந்தால் பொறுத்தருள வேண்டுமென்றும் இறைஞ்சினார். அந்நூலைப் படிப்போர் வர நூறாண்டு சென்றாலும் கவலையில்லை என்றும், தம் படைப்பை உணர்வான் ஒருவனுக்காகக் கடவுளே பல்லாயிரம் ஆண்டு காத்திருந்தார் என்றும் அவர் எண்ணி அமைந்தார்.

இறுதிக் காலம்

டைக்கோவின் அளவுகளையும் தம் விதிகளையும் கொண்டு, கோள்களின் நிலைகளை முன்னறியும் அட்டவணையைக் கெப்ளர் தொகுத்தார். 1626ஆம் ஆண்டு லின்ஸ் முற்றுகையில் அச்சகம் தீக்கிரையாகியும் தளராமல், உல்ம் நகரத்திற்குச் சென்று 1627ஆம் ஆண்டில் அதனை அச்சிட்டு முடித்தார். தமக்கு வரவேண்டிய ஊதிய நிலுவையை, ஏறத்தாழ 12,000 புளோரின் பணத்தை, கேட்டுப்பெறுவதற்காக 1630ஆம் ஆண்டில் ரேகன்ஸ்பர்க் நகரத்திற்குக் குதிரையில் சென்றார். சென்ற இடத்தில் காய்ச்சல் கண்டு, நவம்பர் 15ஆம் நாள் தம் ஐம்பத்தெட்டாம் வயதில் காலமானார். அவரை அடக்கஞ்செய்த இடுகாடும் போரில் அழிந்தது. இன்று அவர் கல்லறை இருந்த இடம் தெரியவில்லை.

ஆனால், அவர் சொல் அழியவில்லை. 1631 நவம்பர் 7ஆம் நாள் புதன் கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லும் என்று அவர் கணித்திருந்தார். அந்நாளில் பாரிஸ் நகரில் கஸாந்தி என்னும் அறிஞர் அக்காட்சியைக் கண்டார். 1687ஆம் ஆண்டில் நியூட்டன் வெளியிட்ட ஈர்ப்புக் கொள்கைக்குக் கெப்ளரின் விதிகள் பெருந்துணையாயின. அவர் பெயர் தாங்கிய விண்வெளித் தொலைநோக்கி 2009 முதல் 2018 வரை இயங்கி, பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் 2,600க்கு மேற்பட்டவற்றைக் கண்டறிய உதவியது. அக்கோள்களும் அவர் கண்ட விதிகளின்படியே சுழல்கின்றன.

இளமையில் கெப்ளர் பெரிதும் போற்றிய ஐந்து கனவுருவக் கொள்கை இன்று பொய்யாகிவிட்டது; ஞாயிற்றைச் சுற்றும் கோள்கள் எட்டு என்பதை நாம் அறிவோம். அவருக்குப் புகழ் தந்தது அவர் தாமே புனைந்த அவ்வழகிய எண்ணமன்று. எட்டுக் கலை வேறுபாட்டின் முன் பணிந்து நின்ற நேர்மையே ஆகும். இறைவன் பெரியவர் என்று உண்மையாகவே நம்பியவர், அவர் படைப்பில் ஒரு சிறு அளவையும் சிறிதென்று தள்ளவில்லை. போதகராக வேண்டுமென்று விரும்பிய அந்த இளைஞர்க்குப் பீடம் கிட்டவில்லை, திருவிருந்தும் மறுக்கப்பட்டது. ஆயினும், இரவுதோறும் நம் தலைக்குமேல் விரியும் வானத்தையே திருநூலாகக் கொண்டு, படைத்தவரின் பெருமையை அவர் உலகினர்க்கு விளக்கிச் சென்றார்.